ஆபரேஷன் அன்று காலை பிபி மாத்திரை போடலாமா? மானிட்டர் சொல்லாத நுண்குழாய்க் கணக்கு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில், ஆரோவில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் இரும்பை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 62 வயது. ஏழெட்டு வருஷமாக பிபி. மறுநாள் காலை பித்தப்பைக் கல்லுக்கு முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது போன் வருகிறது.

"தம்பி, காலையில எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பிபி மாத்திரை மட்டும் போட்டுக்கவா, வேணாமா?"

"டாக்டர்கிட்ட கேக்கலையாப்பா?"

"கேக்கணும்னுதான் நெனச்சேன், மறந்துட்டேன். பக்கத்து பெட்ல ஒருத்தர் போடாதேன்றாரு. நர்ஸம்மா போடலாம்னாங்க."

மகன் இணையத்தில் தேடுகிறார். ஒரு பக்கம் 'கண்டிப்பாகப் போட வேண்டும்' என்கிறது, இன்னொரு பக்கம் 'நிறுத்த வேண்டும்' என்கிறது. இரண்டுமே சரிதான், எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து. சின்னக் கேள்வி மாதிரித் தெரியும் இதற்குப் பின்னால், மயக்கவியல் துறை இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு விவாதம் இருக்கிறது. அதன் மையம் நம் உடம்பின் மிகச் சிறிய ரத்தக் குழாய்கள்.

இது எத்தனை வீட்டுக் கேள்வி?

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். மூன்றில் ஒருவர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. முன்பு மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனவர்கள், இன்று வீட்டிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

நல்ல விஷயம். இதனால் இன்னொன்றும் நடக்கிறது. ஆபரேஷன் மேஜைக்கு வருகிறவர்களில் தினமும் பிபி மாத்திரை போடுகிறவர்கள் நிறைய. இரும்பை பக்கத்து மக்களுக்கு ஆபரேஷன் என்றால் அதே சாலையில் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர், அல்லது திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எங்கே போனாலும் மயக்க மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

மயக்கம் கொடுத்ததும் பிபி ஏன் இறங்குகிறது?

முழு மயக்கத்துக்கு அதிகம் பயன்படும் ஊசி மருந்து புரோபோஃபால். தொடர்ந்து மயக்கத்தில் வைத்திருக்க செவோஃப்ளுரேன், ஐசோஃப்ளுரேன் மாதிரி வாயுக்கள். இவை மூளையை மட்டும் தூங்க வைப்பதில்லை. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் தளர்த்துகின்றன. குழாய் விரிந்தால் அழுத்தம் குறையும்.

உடம்பு இதைச் சமாளிக்க மூன்று வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, பரிவு நரம்பு மண்டலம். பயந்தால் இதயம் படபடக்கிறதே, அதே நரம்புகள்தான். இரண்டு, சிறுநீரகத்தில் தொடங்கும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வரிசை. மூன்று, மூளையிலிருந்து சுரக்கும் வேசோபிரெசின்.

மயக்க மருந்து முதல் வழியை மந்தமாக்குகிறது. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரை போட்டிருந்தால் இரண்டாவது வழியும் அடைபட்டிருக்கும். ஏனென்றால் அந்த வரிசையைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. மிச்சம் இருப்பது மூன்றாவது மட்டும். அதனால்தான் சிலருக்கு பிபி சட்டென்று இறங்கி, வழக்கமான ஊசிக்கு லேசில் ஏறாமல் அடம் பிடிக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் வேசோபிரெசினையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு.

கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஏரிப் பாசனம் தெரியும். மதகைத் திறந்தால் தண்ணீர் பெரிய வாய்க்காலுக்கு வரும். அங்கிருந்து கிளை வாய்க்கால். கடைசியில் மடை வழியாக வயலுக்கு. பெரிய வாய்க்காலில் தண்ணீர் ததும்புகிறது என்பதாலேயே கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று எந்த விவசாயியும் நம்ப மாட்டார்.

உடம்பிலும் அப்படித்தான். கையில் பட்டை கட்டி அளக்கும் பிபி, பெரிய வாய்க்காலின் மட்டம். பயிர் இருப்பது கடைமடையில், அதாவது தந்துகி எனப்படும் நுண்குழாய்களில். இவற்றின் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரான். சிவப்பணுவின் விட்டமே 7, 8 மைக்ரான் என்பதால் பல இடங்களில் அது நசுங்கி, வளைந்து, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். ஆக்சிஜன் கைமாறுவது இந்த இடத்தில்தான். இங்கே ஓட்டம் நின்றால், மானிட்டரில் எந்த எண் இருந்தாலும் அந்தத் திசுவுக்குப் பட்டினிதான்.

தந்துகிக்கு முன்னால் மடைப்பலகை மாதிரி நிற்பவை சிறுதமனிகள். இவை சுருங்கினால் உள்ளே போகும் ரத்தம் குறையும், விரிந்தால் கூடும். பிபி மருந்துகளில் பெரும்பாலானவை கை வைப்பது இந்த மடையில்தான்.

இதற்கு வீட்டிலேயே சாட்சி உண்டு. அம்லோடிபின் போடுகிற சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அந்த மாத்திரை தந்துகிக்கு முன்னால் இருக்கும் சிறுதமனியை நன்றாக விரிக்கிறது. வெளியேறும் பக்கத்துச் சிறுசிரையை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரவு அதிகம், போக்கு பழையபடி. தந்துகியில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து காலில் சேர்கிறது. நுண்குழாய்க்குள் மாத்திரை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அந்தக் கணுக்கால் போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாத்திரை நுண்குழாய்களுக்கு எதிரி இல்லை. பல வருஷம் கட்டுப்பாடில்லாத பிபி, சிறுதமனிகளின் சுவரைத் தடிக்க வைக்கிறது, தந்துகிகளின் எண்ணிக்கையையும் குறைக்கிறது. அதைத் தடுப்பது இந்த மாத்திரைகள்தான். கேள்வி ஆபரேஷன் நடக்கும் அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியது மட்டுமே.

பிபியை ஏற்றும் ஊசி: மட்டம் ஏறும், வயல்?

ஆபரேஷனில் பிபி இறங்கினால் மயக்க மருத்துவர் முதலில் காரணத்தைத் தேடுவார். மயக்கத்தின் ஆழம் அதிகமா, ரத்தம் இழந்திருக்கிறதா, டிரிப்ஸ் போதவில்லையா? கூடவே பிபியை ஏற்றும் ஊசி ஒன்றைப் போடுவார். இந்திய ஆபரேஷன் தியேட்டர்களில் பழக்கமானவை மெஃபென்டெர்மின், எஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின், நார்அட்ரினலின்.

எல்லாமே எண்ணை ஏற்றும். ஏற்றும் விதம் வேறு. ஃபினைல்எஃப்ரின் கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் குழாய்களைச் சுருக்கும் மருந்து. இதயத்தை நேரடியாக உந்தாது. எஃபெட்ரினும் மெஃபென்டெர்மினும் குழாயைச் சுருக்குவதோடு இதயத்தையும் வேகமாக அடிக்க வைக்கும். நார்அட்ரினலின் இரண்டுக்கும் நடுவில்.

ஏரிக் கணக்கில் சொன்னால், கிளை மடைகளைப் பாதி மூடினாலும் பெரிய வாய்க்காலில் மட்டம் ஏறும். மதகில் கூடுதலாகத் தண்ணீர் விட்டாலும் மட்டம் ஏறும். வாய்க்கால் ஓரம் நட்ட அளவுகோலுக்கு இரண்டும் ஒன்றுதான். வயலுக்கு ஒன்று இல்லை.

2011-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியாவில் வந்த ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. மயக்கத்தில் இருந்தவர்களுக்கு ஃபினைல்எஃப்ரின் கொடுத்தபோது பிபி ஏறியது. ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்த அளவும், நெற்றியில் ஒட்டிய கருவி காட்டிய மூளை ஆக்சிஜன் அளவும் குறைந்தன. எஃபெட்ரின் கொடுத்தபோது பிபி அதேபோல் ஏறியது, அந்த இரண்டும் பெரிதாகக் குறையவில்லை. நெற்றிக் கருவி மூளையோடு சேர்த்துத் தோலின் ரத்த ஓட்டத்தையும் கொஞ்சம் அளந்துவிடும் என்பதால், இந்த வித்தியாசம் முழுக்க மூளையில்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 'எண் ஏறியது, வேலை முடிந்தது' என்ற எண்ணத்தை இது அசைத்துவிட்டது.

அப்போ அந்த ஊசி கெட்டதா?

இல்லவே இல்லை. வாய்க்காலில் மட்டம் மடையின் வாய்க்கும் கீழே போய்விட்டால், மடையை எவ்வளவு திறந்து வைத்தும் பயனில்லை. அப்போது மட்டத்தை ஏற்றுவதுதான் முதல் வேலை.

மூளை, சிறுநீரகம் மாதிரி உறுப்புகள் தங்களுக்கு வரும் ரத்தத்தைத் தாங்களே சீராக வைத்துக்கொள்ளும். அழுத்தம் கொஞ்சம் ஏறினால் மடையைச் சுருக்கும், இறங்கினால் விரிக்கும். இதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் ஓட்டம் முழுக்க அழுத்தத்தை நம்பியே இருக்கும். அந்த நேரத்தில் பிபியை ஏற்றும் ஊசி நுண்குழாய் ஓட்டத்தையும் மீட்டுத் தருகிறது.

பொதுவாக மயக்க மருத்துவர்கள் பார்ப்பது சராசரி அழுத்தம். கீழ் எண்ணோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் அது கிடைக்கும். 120/80 என்றால் 93. 90/50 என்றால் 63. பெரும்பாலும் இது 65-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பல வருஷம் 160, 170-லேயே வாழ்ந்த உடம்புக்கு அந்தக் கீழ் எல்லையே மேலே நகர்ந்திருக்கும். இன்னொருவருக்குப் போதுமான அழுத்தம் அவருக்குக் குறைவாக இருக்கலாம். அதனால்தான் 'உங்களுக்கு வழக்கமா பிபி எவ்வளவு இருக்கும்?' என்று மயக்க மருத்துவர் கேட்கிறார்.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2008, போய்ஸ் ஆய்வு. 8,351 பேர். இதயம் சாராத ஆபரேஷன் அன்று மெட்டோப்ரோலாலைப் புதிதாக, அதிக அளவில் தொடங்கினார்கள். மாரடைப்பு குறைந்தது. ஆனால் பிபி இறங்கியதோடு பக்கவாதமும் இறப்பும் கூடின. இறப்பு மாத்திரை கொடுத்தவர்களில் 3.1 சதவீதம், கொடுக்காதவர்களில் 2.3 சதவீதம். இதிலிருந்து கிடைத்த பாடம்: இந்த வகை மாத்திரையை ஏற்கெனவே போடுகிறவர்கள் நிறுத்தக் கூடாது, போடாதவர்களுக்கு ஆபரேஷன் அன்று தொடங்கவும் கூடாது.

2017, பிரான்ஸில் நடந்த இன்பிரெஸ் ஆய்வு. 298 பேர். நார்அட்ரினலின் கொண்டு பிபியை அவரவர் வழக்கமான அளவுக்குப் பக்கத்திலேயே வைத்தபோது உறுப்புப் பாதிப்பு 38.1 சதவீதம். பொதுவான முறையில் 51.7 சதவீதம். நம்பிக்கை தந்த முடிவு.

ஆனால் 7,490 பேரை வைத்து நடந்த போய்ஸ்-3 ஆய்வு வேறு மாதிரி முடிந்தது. ஒரு குழுவில் சராசரி அழுத்தத்தை 80-க்கு மேல் வைத்து, சில பிபி மாத்திரைகளை நிறுத்தினார்கள். இன்னொன்றில் 60-க்கு மேல் இருந்தால் போதும் என்று விட்டு, மாத்திரைகளைத் தொடர்ந்தார்கள். இதய, ரத்தக் குழாய்ச் சிக்கல்கள் ஒன்றில் 13.9 சதவீதம், மற்றதில் 14.0. வித்தியாசம் இல்லை.

2024-ல் ஜாமா இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வின் பெயரே 'ஸ்டாப் ஆர் நாட்'. பெரிய ஆபரேஷனுக்குப் போன 2,222 பேர். எனலாப்ரில், லோசார்டன் வகையை ஒரு குழு 48 மணி நேரம் முன்பே நிறுத்தியது, மற்றது தொடர்ந்தது. ஆபரேஷனில் பிபி இறங்கியது தொடர்ந்தவர்களில் 54 சதவீதம், நிறுத்தியவர்களில் 41 சதவீதம். ஆனால் 28 நாளுக்குள் இறப்பும் பெரிய சிக்கல்களும் இரண்டிலும் 22 சதவீதம். அதே வருஷம் பிரிட்டனில் நடந்த சிறிய ஆய்வான ஸ்பேஸ், நிறுத்துவதால் இதயத் தசைப் பாதிப்பு குறையவில்லை, பிபி ஏறிப்போகும் தொல்லைதான் கூடியது என்றது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். எண்ணை மட்டும் மேலே தூக்கி வைப்பதும் எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவதும் நோயாளியின் முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. காரணம் நாம் மேலே பார்த்ததாக இருக்கலாம். மயக்கத்தில் உடம்பின் ஆக்சிஜன் தேவையும் குறைகிறது என்பதால் கொஞ்ச நேரம் பிபி இறங்குவதைப் பலர் தாங்கிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், பிபி எண் ஏறியும் கடைமடை காய்ந்தே கிடக்கலாம்.

கடைமடையை எப்படிப் பார்ப்பது?

நாக்குக்கு அடியில் வைத்து, தந்துகிகளில் சிவப்பணுக்கள் ஓடுவதை நேரடியாகக் காட்டும் கையடக்க வீடியோ நுண்ணோக்கிகள் இருக்கின்றன. இப்போதைக்கு அவை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே பயன்படுகின்றன.

காசே இல்லாத வழியும் ஒன்று உண்டு. விரல் நுனியை வெளுக்கும் வரை அழுத்தி, விட்டு, நிறம் திரும்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பது. மூன்று வினாடிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். கிருமித்தொற்றால் அதிர்ச்சி நிலைக்குப் போன ஐசியூ நோயாளிகளிடம் தென் அமெரிக்காவில் 424 பேரை வைத்து நடந்து 2019-ல் வெளியான ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வில், இந்த விரல் சோதனையை வைத்துச் சிகிச்சை தந்த குழுவில் இறப்பு 34.9 சதவீதம். ரத்தத்தில் லாக்டேட் அளவை வைத்துச் சிகிச்சை தந்த குழுவில் 43.4. புள்ளியியல்படி உறுதியான வெற்றி என்று சொல்ல முடியாத வித்தியாசம்தான். ஆனாலும் விலை உயர்ந்த பரிசோதனைக்கு ஒரு விரல் நுனி சளைத்ததில்லை என்பது தெரிந்தது. இதோடு சிறுநீர் அளவு, கை கால் சூடு, லாக்டேட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர்கள் கடைமடையைக் கணிக்கிறார்கள்.

சரி, எந்த மாத்திரைக்கு என்ன?

கீழே இருப்பது பொதுவான நடைமுறை. உங்கள் வீட்டு நோயாளிக்கான முடிவை அவருடைய மயக்க மருத்துவர்தான் எடுப்பார்.

அட்டெனலால், மெட்டோப்ரோலால்: ஏற்கெனவே போடுகிறவர்கள் தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பும் பிபியும் எகிறலாம். குளோனிடினும் அப்படித்தான்.

அம்லோடிபின்: பொதுவாகத் தொடரலாம். ஒரு நாள் விட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது. உடம்பில் பாதி கரையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும்.

எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன்: விவாதம் இங்கேதான். பெரிய ஆபரேஷன் என்றால், பிபிக்காக மட்டும் இவற்றைப் போடும் சிலருக்கு 24 மணி நேரம் முன்பு நிறுத்துவது பயன் தரலாம் என்கிறது அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2024 வழிகாட்டி. இதயம் பலவீனமாகி அதற்காகப் போடுகிறவர்கள் தொடர்வதே நல்லது என்றும் சொல்கிறது.

நீர் மாத்திரை: பெரும்பாலும் அன்று காலை மட்டும் தவிர்க்கச் சொல்வார்கள்.

இதில் ஒரு சிக்கல். இன்று பலர் போடுவது ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து. பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்றால் பெரும்பாலும் கூடவே அம்லோடிபின், 'எச்' என்றால் நீர் மருந்து. 'ஒரே ஒரு பிபி மாத்திரைதான்' என்று அப்பா சொல்வது முழு உண்மையாக இல்லாமல் போகலாம்.

உண்மையான ஓட்டை எங்கே?

ஆய்வு முடிவுகள் மருத்துவர்களுக்குத் தெரியும். நோயாளி போடும் மாத்திரையின் பெயர்தான் பல நேரம் அவர்களுக்குத் தெரிவதில்லை. 'வெள்ளை கலர், சின்னதா இருக்கும்' என்பதுதான் பதில். மாத்திரை வாசல் வரை வந்துவிட்டது. அதன் விவரம் ஆபரேஷன் தியேட்டர் வரை போவதில்லை.

விளைவு இரண்டு மாதிரி. 'வெறும் வயிறு' என்றதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வருகிறவருக்குக் காலையில் பிபி 180/110-ஐத் தாண்டி நிற்கும், ஆபரேஷன் தள்ளிப்போகலாம். நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் கூலி, பஸ் காசு, லீவு எல்லாம் போச்சு. அல்லது எல்லா மாத்திரையையும் போட்டுக்கொண்டு, அதைச் சொல்லாமல் படுக்கிறவருக்கு உள்ளே பிபி இறங்கி, காரணம் தெரியாமல் மருத்துவர் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவதும் உண்டு. அதிகம் பேசப்படாதது. ஆபரேஷனுக்காக நிறுத்திய மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று கேட்காமலே வீட்டுக்கு வந்துவிடுவது. ஒரு நாள் நிறுத்தியது ஒரு மாதமாக நீளும். அந்த ஒரு மாதம்தான் உண்மையில் ஆபத்து.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மயக்க மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், சுகர் மாத்திரையும் சேர்த்து. கடந்த சில மாத பிபி அளவுகள் எழுதிய சீட்டு இருந்தால் அதையும். மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதைப் போடணும்? எதை நிறுத்தணும்? எப்போ மறுபடி ஆரம்பிக்கணும்? போடச் சொன்னதை வெறும் வயிறாக இருந்தாலும் ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக அனுமதிப்பார்கள். கடைசியாக என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது என்பதை ஆபரேஷன் அன்று காலை மறைக்காமல் சொல்லுங்கள். போட்டுவிட்டேன் என்று சொன்னால் திட்டுவார்களோ என்ற பயமே வேண்டாம். தெரிந்தால் அதற்கு ஏற்ற மருந்தைத் தயாராக வைத்திருப்பார்கள்.

நம் பெங்களூரு மகன் இணையத்தை மூடிவிட்டு அப்பாவிடம் சொல்ல வேண்டியது இதுதான்: "அப்பா, அந்த மாத்திரை அட்டையை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அதே அட்டையை இப்பவே வார்டுல இருக்கற டூட்டி டாக்டர்கிட்ட காட்டி, மயக்க டாக்டரைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. பக்கத்து பெட்காரர் சொன்னதை விட்டுடுங்க. அவர் மாத்திரை வேற."